மூன்றாம் நம்பர் பங்கர்

அத்தியாயம் பன்னிரண்டு

விடிந்ததும் வனஜா செய்த முதல் வேலை, வாசலில் கிடந்த கால் தடத்தைக் கழுவியதுதான்.

போன வாரம் அவளை நாம் விட்டுவந்த இடம் அது. மாடிப்படி முடிகிற இடத்தில், கதவுக்கு நேராக, கரி படிந்த ஒற்றைத் தடம். செருப்பில்லாத வலது கால். ஐந்து விரலும் அச்சுக் குத்தியதுபோல் விழுந்திருந்தது. கீழ்வீட்டில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிற ஆள் இருக்கிறான். அவன் கால்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கு மாடியில் என்ன வேலை?

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிப்போனது. மகள் எழுவதற்குள் ஈரம் காயட்டும் என்று முந்தானையால் விசிறினாள். ஆடி மாதத்துக் கல்கத்தாவில் எது காய்கிறது?

கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வனஜாவின் புருஷன் கருப்பையா, ஹால்தார் காட் பவர் ஹவுஸில் கரி தள்ளுகிற கூலி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊரே தண்ணீரில் மிதந்த ஓர் ஆடி நாளில், இரண்டாம் ஷிப்டுக்குப் போனவன் திரும்பவில்லை. உள்ளே விழுந்துவிட்டானோ என்று அவள் கேட்டில் நின்று அழுதபோது, கரிக் கூலிகளுக்கு மேஸ்திரியான சர்தார் முகமது ரபீக் அடித்துச் சொன்னார்: "இல்லை தங்கச்சி. எல்லாரும் வெளியே வந்தாச்சு. நானே எண்ணினேன்."

நானே எண்ணினேன். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. கம்பெனி அவனை ஓடிப்போனவன் என்று எழுதி முடித்தது. கிடர்பூர் சந்தில் வாய் இருக்கிறவர்கள் எல்லாம் அவனுக்கு இன்னொரு குடும்பம் கட்டிக்கொடுத்தார்கள்.

வனஜா மட்டும் வேறு மாதிரி நினைத்தாள். அன்று காலையில்தான் அவன் டாக் லைன் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். காப்புக் கட்டியவன் செருப்புப் போடமாட்டான். வெறுங்காலோடு போனவன் வேண்டுதலை முடிக்கக் கோயில் கோயிலாக நடக்கிறான், முடிந்ததும் வருவான் என்று வைத்துக்கொண்டாள். அதற்கேற்றாற்போல், அசன்சோல் ஸ்டேஷனில் தாடியும் வெறுங்காலுமாக ஒரு தமிழாளைப் பார்த்ததாக ஒரு லாரிக்காரர் சொல்லிப்போனார். அது போதும். அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது.

அவன் செருப்பில்லாமல் போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ்காரர் கேட்டது சட்டையின் நிறமும் ஆளின் உயரமும்தான்.

"மா, வாசல்ல ஏன் இவ்ளோ தண்ணி?"

இந்துஜா பல் துலக்கிக்கொண்டே எட்டிப்பார்த்தாள்.

"மழை."

"மழை மாடிப்படி ஏறி வந்துச்சா?"

"காத்து அடிச்சா வரும். நீ குளிச்சிட்டு வா."

இந்துஜா எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். வேலை பார்ப்பது, எந்த இடத்துக்குப் போன அப்பன் திரும்பவில்லையோ, அதே இடத்தில். நகரத்துக்குள் கரிப்புகை கூடாது என்று மாநில அரசு முடிவெடுத்து ஹால்தார் காட்டை மூடிவிட்டது. அங்கே இப்போது சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற பேட்டரி நிலையம் வருகிறது. வெள்ளிக்கிழமை மந்திரி திறந்துவைக்க வருகிறார். அதற்குள் பழைய இரும்பெல்லாம் கழிய வேண்டும். எல்லாம் கழிந்துவிட்டது, மூன்றாம் நம்பர் பங்கரைத் தவிர.

பங்கர் என்றால் கரியைக் கொட்டி வைக்கிற இரும்புத் தொட்டி. நான்கு ஆள் உயரத்துக்கு மேலே, தூண்களில் நிற்கும். மேலே அகலம், கீழே புனல் மாதிரி குறுகிய வாய். மற்ற தொட்டிகள் எல்லாம் காலி. மூன்றாவது மட்டும் அந்த மழை வருஷத்தில் நனைந்து இறுகி, உள்ளுக்குள் புகைந்து, தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டது. அந்த வாரமே அரசாங்கம் அந்த யூனிட்டுக்கு முதல் பூட்டுப் போட்டதால், பிறகு யாரும் அதைக் கிளறவில்லை.

"இன்னைக்குத்தான் திறக்கறாங்க" என்றாள் இந்துஜா, பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே. "நீ அந்தப் பக்கம் வராதே."

"நான் எதுக்கு வரப்போறேன்? எனக்குக் கடை கிடக்கு."

"தொட்டியைத் திறக்கறாங்கன்னதும் அந்த சந்து ஆளுங்க புதுசா பேசறதைக் கேட்டு..."

"நான் யார் பேச்சையும் கேக்கலை."

"அவரு உள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல மா. அசன்சோல்ல தோசைக்கடை வச்சிருப்பாரு. இன்னொரு இந்துஜாவுக்குத் தலை பின்னி விட்டிருப்பாரு. நீதான் இங்க பொட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே."

வனஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிள்ளை திட்டுகிறபோது அவன் உயிரோடு இருக்கிறான். செத்தவனை யார் இப்படித் திட்டுவார்கள்? அந்தத் திட்டிலும் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி இருந்தது.

இந்துஜா போய்விட்டாள். வனஜா அடுப்பை மூட்டினாள்.

வராமல் இருந்திருப்பாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, டாக் கேட் ஓரத்துத் தன் இட்லிக் கடையிலேயே அன்றைப் பொழுதைக் கழித்திருப்பாள். ஆனால் பத்து மணிக்கு, பேட்டரி நிலைய வேலைக்கு மேலதிகாரியான சான்யால் பாபுவின் ஆள் சைக்கிளில் வந்து, லாரிக்காரர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் இட்லி வேண்டும், கொண்டுவந்து கொடுத்துவிடு மாஷிமா என்று, பெரியம்மாவைக் கூப்பிடுகிற வங்காளி மரியாதையோடு சொல்லிப்போனான். கடை வைத்திருக்கிறவள் வந்த வியாபாரத்தை எப்படி வேண்டாம் என்பாள்? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரிக்‌ஷாவில் பாத்திரத்தை ஏற்றினாள்.

ஹால்தார் காட் அவள் கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. மலை மலையாகக் கரி கிடந்த முற்றம் சமனாகி, சிமெண்டுத் தளம் போட்டு, வெள்ளைவெளேரென்று இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கேட்டுக்கு மேல் பெரிய பலகை. அதில் பச்சை மரம், மஞ்சள் சூரியன், சிரிக்கிற ஒரு குழந்தை. வங்காளத்தில் என்னவோ எழுதியிருந்தது. புகைபோக்கி மட்டும் இன்னும் நின்றது. அதன் தலையில் மழைமேகம் இறங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் இன்னும் புகைகிற மாதிரியே இருந்தது.

அவள் நடக்கிற இடமெல்லாம் யாரோ கூடவே நடக்கிற மாதிரி ஓர் உணர்வு. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக மழை நாளில் இது பழக்கம்தான்.

"வா தங்கச்சி!"

முகமது ரபீக், தலையைவிடப் பெரிய மஞ்சள் தொப்பியோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பழைய ஆள், எந்தத் தொட்டியின் வாய் எப்படித் திறக்கும் என்று தெரியும் என்பதால் சான்யால் அவரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். கரித்தூசி குடித்த நெஞ்சு. ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு மூச்சு வாங்கும்.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி தொப்பி?"

"உன் மக மாட்டி விட்டுட்டா. இது இல்லாம உள்ள விட மாட்டாளாம். நாங்க தலையில கரி விழுந்தா துடைச்சிட்டு வேலை பாத்தவங்க."

"அதனாலதான் இப்படி இழுக்குது உங்களுக்கு" என்றபடி இந்துஜா வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறியது. "கி ஹொலோ? என்ன ஆச்சு? நீ ஏன் வந்தே?"

"இட்லிக்கு ஆர்டர் குடுத்தாங்க. வேணாம்னா திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"ஐயோ, எடுத்துட்டுப் போயிடாதே!" ரபீக் தட்டை இழுத்துக்கொண்டார். "இந்தப் பேட்டரிக்காரங்க பிஸ்கெட்டும் டீயும் குடுத்தே என்னைக் கொல்றாங்க."

மூன்று பேரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். மழை சன்னமாகத் தூறியது. மூன்றாம் நம்பர் எதிரே நின்றது. துருப்பிடித்த தொட்டி. அதன் வாய்க்குக் கீழே ஒரு லாரி தயாராக நின்றது, அதன் பின்னால் இன்னும் சில. செங்கல் சூளைக்காரர்கள் மொத்தக் கரியையும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"ஏன் புள்ள," ரபீக் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார், "சூரியனுக்கு ராத்திரி ஷிப்டு கெடையாதே. அப்ப உன் மின்சாரம் என்ன பண்ணும்?"

"அதுக்குத்தான் இந்தப் பெட்டிங்க சாச்சா. பகல்ல வாங்கி வச்சிக்கும், ராத்திரி குடுக்கும்."

"எங்களுக்கு மட்டும் ஒரு பெட்டி வச்சிருக்கக் கூடாதா? மூடினப்போ கரிக்காரனுங்க எல்லாம் ஒரே நாள்ல வெளியே. காத்து சுத்தமாச்சு, சரி. எங்க வயிறும் சுத்தமாயிடுச்சு."

"கவர்மெண்ட்டுல ட்ரெயினிங் குடுக்கறோம்னாங்களே?"

"குடுத்தாங்க. கம்ப்யூட்டரு. இந்த விரல் ஒண்ணு அமுக்கினா நாலு எழுத்து விழுகுது." கரி ஏறிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்துஜா சிரித்துவிட்டாள். வனஜாவும் சிரிக்கப் பார்த்தாள், ஆனால் கண் அந்தத் தொட்டியை விட்டு வரவில்லை.

கூலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்கு மொபைல்லயே தெரியும்" என்றாள் இந்துஜா. "ஒரு ஆள் குறைஞ்சாலும் கேட் கத்தும். உங்க காலத்துல என்ன பண்ணீங்க சாச்சா? அட்டையும் இல்ல, உள்ள லைட்டும் பாதி நாள் இருக்காது. எல்லாரும் கரி பூசி ஒரே மாதிரி இருப்பீங்க. எப்படித்தான் எண்ணுவீங்க?"

ரபீக் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். வேலையைப் பற்றிக் கேட்டால் எந்தக் கிழவனுக்கும் முதுகு நிமிரும்.

"அதுக்கு ஒரு வழி வச்சிருந்தோம். கரி மேல செருப்போட ஏற மாட்டோம். வழுக்கும். அப்புறம், சோறு போடறது அதுதானே, மிதிக்கறப்போ வெறுங்காலா மிதிக்கறதுதான் மரியாதைன்னு நம்ம ஆளுங்க. நான் துலுக்கன், ஆனா நானும் கழட்டிட்டுத்தான் ஏறுவேன். எல்லார் செருப்பும் ஏணிக்குக் கீழ கிடக்கும். ஷிப்டு முடிஞ்சா அவனவன் மாட்டிக்கிட்டுப் போவான். கடைசியில நான் டார்ச் அடிச்சுப் பாப்பேன். ஒரு ஜோடி மிச்சம் இருந்தா ஒருத்தன் உள்ள இருக்கான். ஒண்ணும் இல்லேன்னா எல்லாரும் வந்தாச்சு. ஆளைப் பாக்க வேண்டியதே இல்ல. தப்பினதே கெடையாது."

"வெறும் செருப்பை வச்சா?" இந்துஜா மறுபடியும் சிரித்தாள்.

"சிரிக்காதே புள்ள. உங்கப்பன் போன அன்னைக்கும் அப்படித்தான் எண்ணினேன். கரண்டு போச்சு, மூணாம் நம்பர்ல புகை கிளம்பிச்சு, எல்லாரும் விழுந்தடிச்சு ஓடி வந்தோம். நான் நின்னு, டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஏணிக்குக் கீழ ஒரு செருப்புகூட இல்ல. அப்புறம்தான் கீழ் வாயை மூடி, மேலேருந்து தண்ணி ஊத்தச் சொன்னேன். அல்லா மேல ஆணையா."

வனஜாவின் கையில் இருந்த கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. யாரும் கவனிக்கவில்லை. லாரிக்காரன் ஒருவன் சட்னி கேட்டான். அவள் ஊற்றினாள். அவன் போதும் போதும் என்றான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நானே எண்ணினேன்.

தலையை எண்ணினார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ணினார் என்று. அந்த எண்ணிக்கையில்தான் அவன் வெளியே வந்தான், கேட்டைத் தாண்டினான், ரயில் ஏறினான், அசன்சோலில் இறங்கினான். அந்த ஒற்றை எண்ணிக்கையின் மேல்தான் இத்தனை வருஷமும் அவளுடைய புருஷன் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான்.

ஏணிக்குக் கீழே அவன் செருப்பு எப்படி இருக்கும்? அது வீட்டில், கட்டிலுக்கு அடியில் அல்லவா கிடந்தது? அன்றைக்கு முழங்கால் தண்ணீர். பாதிப்பேர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன நாள். எவன் போட்டிருந்தான், எவன் போடவில்லை என்று யார் பார்த்திருப்பார்கள்?

அவள் ரபீக்கைப் பார்த்தாள். அவர் இரண்டாவது இட்லியை நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. அப்பன் காப்புக் கட்டியது தெரியும். காப்புக் கட்டினால் செருப்புப் போடக்கூடாது என்பது, வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆக, இந்த உலகத்தில் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கீழ் வாய் திறக்கும், கரி விழும், லாரி போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கேற்றலாம். நாளைக்கும் குங்குமம் வைக்கலாம். பிள்ளை நாளைக்கும் அவனைத் திட்டும், அவன் அசன்சோலில் நடப்பான்.

சொன்னால், தன் வாயாலேயே அவனைக் கொன்றதாக ஆகிவிடும்.

சான்யால் பாபு குடையோடு வந்தார். நல்ல மனுஷன். மந்திரி வருகிற பயத்தில் ஒரு வாரமாக முகம் சவரம் காணவில்லை. "ரபீக் மியா, ஆரம்பிக்கலாமா? மாஷிமா, இட்லி பிரமாதம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள், தூசி வரும்" என்றார் வங்காளத்தில்.

லாரிக்காரன் பீடியை எறிந்துவிட்டு ஏறினான். பங்கர் வாயின் மோட்டாரைச் சும்மா ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார்கள். இரும்பு கிறீச்சிட்டது. தொட்டிக்குள் என்னவோ லேசாக நகர்ந்து படிந்தது. தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரியான சத்தம். வனஜாவுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டது.

"சூளை எங்கே இருக்கு பாபு?" என்று கேட்டாள். அவளுடைய வங்காளம் கடைத்தெரு வங்காளம்.

"எந்தச் சூளை?"

"இந்தக் கரி போற சூளை."

"பஜ்பஜ் பக்கம். ஏன்?"

"போனதும் எரிச்சிடுவாங்களா?"

"கரியை வாங்கிப் பூஜையா பண்ணுவாங்க மாஷிமா? அடுப்பில் போடுவாங்க. செங்கல் வேகும்."

செங்கல் வேகும். யார் யாருடைய வீட்டுக்கோ சுவராகும். எந்தச் சுவர் என்றுகூடத் தெரியாது. ஒரு கொள்ளி வைக்க ஆள் இல்லாமல், இரண்டு தரம் எரிந்து...

லாரி உறுமியது. சான்யால் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். தூக்கு வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் லாரிக்கும் தொட்டி வாய்க்கும் நடுவில் நின்றாள். தலைக்கு மேலே அந்த இரும்பு வாய்.

"மா! பைத்தியமா உனக்கு? வெளிய வா!" இந்துஜா பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ரபீக் அண்ணே," வனஜா மகளைப் பார்க்கவில்லை, "நீங்க ஆளை எண்ணலையா?"

"என்ன தங்கச்சி சொல்ற? எண்ணினேனே."

"செருப்பைத்தானே எண்ணினீங்க?"

"ஆமா, அதான்..."

"அன்னைக்கு அவரு செருப்புப் போட்டுக்கிட்டு வரலைண்ணே. காலையில காப்புக் கட்டியிருந்தாரு. வெறுங்காலாத்தான் வந்தாரு. செருப்பு என் வீட்டுல இருக்கு. இன்னைக்கும் இருக்கு."

லாரிக்காரன் எஞ்சினை அணைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அணைத்தான்.

ரபீக் ஸ்டூலிலிருந்து எழப்பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். மூச்சு நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டது. "நான்... கீழ் வாயை மூடுன்னு... நான்தான் சொன்னேன்..." அதற்கு மேல் வரவில்லை.

"என்ன நடக்கிறது இங்கே?" சான்யால் இந்துஜாவைக் கேட்டார். அவள் வங்காளத்தில் சொல்லத் தொடங்கி, நடுவில் நின்றாள். சொல்லும்போதுதான் அவளுக்கே முழுசாகப் புரிந்தது.

சான்யால் நெற்றியைத் தேய்த்தார். "பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் செருப்புப் போட்டாரா இல்லையா என்பதற்காக வேலையை நிறுத்த முடியுமா இந்து? வெள்ளிக்கிழமை மந்திரி. மேலிடத்தில் என்ன சொல்வேன்? உன் அம்மாவுக்கு மனசு சரியில்லை, கூட்டிக்கொண்டு போ. ஏய், மோட்டாரைப் போடு!"

இந்துஜா அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினாள்.

"மா. என்னைப் பாரு. நிச்சயமா சொல்றியா? அந்த அசன்சோல் ஆளு?"

இப்போதும் வனஜாவுக்கு ஒரு வழி இருந்தது. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

"அது வேற யாரோ" என்றாள். "உங்கப்பா எங்கயும் போகலை."

அவ்வளவுதான். இந்துஜா திரும்பிப் பார்க்காமல் மின்பெட்டிக்கு நடந்தாள். கைப்பிடியைக் கீழே இழுத்தாள். மோட்டாரின் முனகல் நின்றது. இடுப்பிலிருந்து தன்னுடைய சிவப்புப் பூட்டை எடுத்து அந்தக் கைப்பிடியில் மாட்டி, அழுத்திப் பூட்டினாள். அந்த இடத்தின் புதுச் சட்டம் அது. பூட்டுப் போட்ட ஆள்தான் கழற்ற வேண்டும், மேலதிகாரியே ஆனாலும் தொடக்கூடாது.

"இந்து, உன் வேலை போய்விடும்" என்றார் சான்யால் தாழ்ந்த குரலில். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"போகட்டும் அண்ணா. உள்ளே ஆள் இருக்கும்போது மோட்டாரைப் போடக்கூடாது என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? எங்கப்பா உள்ளே இருக்கிறார்."

சான்யால் கொஞ்ச நேரம் மழையில் நனைந்துகொண்டே நின்றார். குடை கையில்தான் இருந்தது, விரிக்க மறந்திருந்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ, வேலை நின்றுவிட்டது, ஆமாம், நான்தான் நிறுத்தினேன் என்றார்.

பக்கத்து அவுட்போஸ்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். கேட்டார், எழுதினார், தொட்டியை அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து கையாலேயே தோண்டிப் பார்க்கட்டும், இயந்திரம் வேண்டாம் என்றார். நான்கு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேல் வாய் வழியாக இறங்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தும் ரபீக் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே போய்க் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார். "மெல்ல... மம்பட்டியைப் போடாதே... கையால அள்ளு" என்று அவர் குரல் இறங்கி வந்தது.

கீழே தாயும் மகளும் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்துஜா அம்மாவின் கையை விடவில்லை. சின்னப் பிள்ளையில் டாக் கேட்டில் கூட்டத்துக்குப் பயந்து பிடித்துக்கொள்வாளே, அந்தப் பிடி.

"நான் அவரை எவ்ளோ பேசியிருக்கேன்" என்றாள்.

"பேசினா என்ன? உங்கப்பாதானே."

கரி சரிகிற சத்தம். கூடைகள் ஏறின, இறங்கின. சந்திலிருந்து சேதி கேட்டு வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே, சிரிக்கிற குழந்தைப் பலகைக்குக் கீழே கூடிவிட்டார்கள். அவனுக்கு இன்னொரு குடும்பம் கட்டிவைத்த வாய்கள் எல்லாம் மூடியிருந்தன.

"மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"எதுக்குக் காப்புக் கட்டினாரு? என்ன வேண்டுதல்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. வனஜா வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்தாள். மழையில் குளித்து, பால் மாதிரி நின்றன. அவற்றுக்குள் கம்பி இழுத்து முடுக்கியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளை.

"அப்பவே ஒரு யூனிட்டை மூடப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. கவர்மெண்ட் ஆர்டர், புகை கூடாதுன்னு. மூடினா நாம எங்க போறதுன்னு உங்கப்பாவுக்குத் தூக்கமே இல்ல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பவர் ஹவுஸை மூடக் கூடாதுன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டுக் கட்டினாரு."

இந்துஜாவின் பிடி தளர்ந்தது. பிறகு முன்னைவிட இறுகியது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

மேலே சத்தம் நின்றது.

கூடை பாதியில் தொங்கியது. நான்கு பேரும் அசையவில்லை என்பது கயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. ரபீக் குனிந்தார். இன்னும் குனிந்தார். தலையிலிருந்த மஞ்சள் தொப்பி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவர் அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கீழே பார்த்தபோது, அவர் கண் வனஜாவைத் தேடவில்லை, தாண்டிப் போனது.

"இந்து," என்றார். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு மெதுவாகப் பேசியும் முற்றம் முழுக்கக் கேட்டது. "அம்மாவைப் பிடிச்சுக்க. இங்க ஒருத்தர் இல்ல... ரெண்டு பேர் இருக்காங்க."